மூன்று விரல் நீறு

மார்கழி வந்துவிட்டால் பொருநைக் கரை தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். முழங்கால் உயரம் வளர்ந்த பிசானப் பருவ நெற்பயிரின் மீது பனி இறங்கி, விடியும் வரை அசையாமல் நிற்கும். ஆற்றிலிருந்து எழும் ஆவி படித்துறையின் கடைசிப் படியை மறைத்து, குளிக்க வருவோரைச் சற்றே தயங்க வைத்து, பிறகு தானே வழிவிடும். கொக்குகள்கூடச் சிறகு விரிக்கக் கதிரவன் வரவுக்குக் காத்திருக்கும். தேவர்களுக்கு இது வைகறை என்று பெரியோர் சொல்லிவைத்ததை நம்பாதவனும், அந்த ஈரக்காற்றில் நின்று ஒருமுறை மூச்சு விட்டால், தன் வாயிலிருந்து எழும் வெண்புகையைக் கண்டு தன்னையும் ஒரு தூபக்கால் என்றே எண்ணிக்கொள்வான். காலம் எத்தனையோ மாறிவிட்டது. ஓட்டுநர் கை படாமல் பேருந்துகள் ஓடின. மனிதர் கண் படாமல் நோய்கள் கண்டறியப்பட்டன. மார்கழி மட்டும் அப்படியே வந்து போய்க்கொண்டிருந்தது.

பூங்குளத்துச் சிவன் கோயிலில் அம்மாதம் முழுவதும் பதினொரு பெண்கள் இருள் பிரியுமுன் நீராடி வந்து பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. குழுவுக்குத் தலைமை ஏற்பவள், சாணமும் நெல்லுமியும் சேர்த்துச் சுட்டெடுத்த கோயில் நீற்றை ஈரத்தில் குழைத்து, ஒவ்வொருத்திக்கும் நெற்றியில் மூன்று விரலால் இழுப்பாள். பிறகு நெஞ்சின் மேலும் இழுப்பாள். அந்த நீறு காய்ந்து தானே உதிரும் வரை அதைத் துடைப்பதில்லை. அது கவசம்.

அந்த ஆண்டும் தலைமை திலகவதிக்குத்தான். வயது நாற்பத்து நான்கு. பூங்குளம் வட்ட மருத்துவமனையின் படப்பிரிவில் இருபத்தோராண்டாக வேலை. பணியில் சேர்ந்த புதிதில் படமெடுக்கும் மேசைக்கும் அதன் தண்டவாளத்துக்கும் இடையில் அவளுடைய வலக்கை மோதிர விரல் சிக்கிக் கோணிப்போயிற்று. அதனால் அவள் இழுக்கும் நீற்றில் முதல் இரண்டு கோடுகள் நேராகச் செல்லும்; மூன்றாவது, முடியுமிடத்தில் பிறைபோலக் கீழே வளையும்.

"எக்கா, உங்க நீறு மட்டும் வாலாட்டுது" என்றாள் காந்திமதி, குழுவிலேயே இளையவள். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன்களை ஓட்டுகிறவள். தை பிறந்தால் அவளுக்குக் கல்யாணம்.

"வால் ஆடாம நில்லுட்டி முதல்ல" என்று சொல்லி, அவள் நெஞ்சிலும் மூன்று விரலை இழுத்தாள் திலகவதி.

வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மார்கழி முழுக்கக் காலைச் சமையல் கணவர் சிதம்பரநாதனுடையது.

"மதுரைக்குப் பதில் எழுதியாச்சா?" என்று கேட்டார் அவர், தோசையைத் திருப்பியபடி.

திலகவதி பூசை மாடத்தைப் பார்த்தாள். திருநீற்றுச் சம்படத்தின் அடியில் மதுரைக் கல்லூரிக் கடிதம் மடித்தபடியே இருந்தது. படங்களை வாசிக்கும் கதிரியல் படிப்பை நாடெங்கும் மூடிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நெடுங்கண் என்னும் எந்திரம் எல்லாப் படங்களையும் மூன்று வினாடியில் வாசித்துவிடும்போது அதற்கு ஆள் எதற்கு என்று கேட்டார்கள். ஆள் இல்லாமலே போயிற்று. இப்போது புதுச் சட்டம் ஒன்று வருகிறது. நான்காண்டு கழித்து, எந்திரம் சொல்லும் எந்தத் தீர்ப்புக்கும் கற்றறிந்த ஒரு மனிதர் கையெழுத்திட வேண்டும். அதற்காக மதுரையில் பன்னிரண்டு இடங்களோடு அந்தப் படிப்பு மறுபடி தொடங்குகிறது. படப்பிரிவில் பத்தாண்டு உழைத்தவர்கள், நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள், பணியேட்டில் ஒரு பிழைச்சீட்டும் இல்லாதவர்கள் சேரலாம். திருவாதிரைக்குள் பதில் வேண்டும்.

"இன்னும் எழுதல."

"நாலு நாள்தான் இருக்கு."

"நாப்பத்தெட்டு வயசுல படிச்சு முடிச்சு வெளிய வந்து யாருக்கு என்னத்த வாசிக்கப் போறேன்?"

"நான் ஒன்பது வருசமா ஸ்டியரிங் முன்னால கையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். பஸ்சு தானா போவுது. நேத்து ஒரு அம்மா ஏறி, 'ஏன் ராசா, கையில ஏதும் சொகமில்லையா'ன்னு கேக்காவ. நீயாவது ஏதாச்சும் செய்யேன் திலகா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும் உண்மை வெளியே வந்தது.

"எனக்கு இது இரவல் ஆயுசுங்க. ஏழு வருசத்துக்கு முந்தி நெஞ்சுல புத்துன்னு நெடுங்கண்ணு சொல்லலைன்னா இந்நேரம் என் படத்துக்கு மாலை போட்டிருப்பீய. அந்த ஆயுசுல நாலு வருசத்த அங்க போயி உக்காந்து கழிக்கணுமா?"

சிதம்பரநாதன் தோசையை அவள் தட்டில் இட்டார்.

"இரவல்னா எடுத்துப் புழங்கத்தான் குடுப்பாங்க. பெட்டில வச்சுப் பூட்டவா சாமி குடுத்தாரு?"

அவள் தோசையைத் தின்றுவிட்டு, கடிதத்தைத் தொடாமலே வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் காந்திமதியே படப்பிரிவின் வாசலில் நின்றாள். முப்பது வயது கடந்த பெண்களெல்லாம் ஆண்டுக்கொருமுறை மார்புப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வேலைக்குள் அதையும் முடித்துவிடலாமென்று வந்திருந்தாள்.

இப்போதெல்லாம் திலகவதிக்கு வேலை மிகக் குறைவு. வருபவளை எந்திரத்தின் முன் நிறுத்துவாள், தோளைத் திருத்துவாள், மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வாள். பழைய நாளில் ஈரத்துணியால் மார்பைத் துடைத்துவிட்டுத்தான் படமெடுப்பார்கள். பவுடர், களிம்பு முதலியவை படத்தில் வெண்புள்ளிகளாக விழும் என்பதால் அந்த ஏற்பாடு. நெடுங்கண் வந்தபிறகு துடைத்தல் தேவையில்லை என்று விதி மாறிற்று. பவுடரையெல்லாம் அது தானே அறிந்து கழித்துவிடுமாம். விதி மாறியபோது திலகவதிக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். மார்கழியில் வரும் பெண்களின் நெஞ்சிலிருந்து இறைவன் நீற்றை அழிப்பது அவளுக்கு எப்போதும் உறுத்தலாக இருந்தது.

படம் எடுத்தாயிற்று. மூன்று வினாடியில் சுவரிலிருந்த திரை சிவந்தது. *புற்றின் தொடக்கம். கதிரூசிச் சிகிச்சை, நாற்பது நிமிடத்தில்.*

காந்திமதி உடை மாற்றும் தட்டிக்குப் பின்னால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திலகவதி திரையின் மூலையைத் தொட்டுப் படத்தைத் திறந்தாள். யாரும் திறப்பதில்லை, திறக்கத் தேவையுமில்லை. தன்னை அது காப்பாற்றிய நாள் முதல் ஏழாண்டாக அவளும் திறந்ததில்லை. இந்தப் பெண்ணை அனுப்பிவைக்கக் கை வராததால் திறந்தாள்.

கருநீல வானில் விண்மீன் போல வெண்புள்ளிகள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. மூன்று வரிசையாக நின்றன. மேல் வரிசை நேராகச் சென்றது. நடு வரிசையும் நேராகச் சென்றது. மூன்றாவது, முடியுமிடத்தில் பிறைபோலக் கீழே வளைந்தது.

திலகவதி தன் வலக்கையைத் தூக்கித் திரையின் மேல் வைத்தாள். கோணல் விரல் கோணல் வரிசையில் பொருந்தி உட்கார்ந்தது.

திலகவதி ஓடிவந்து சொன்னதைக் கேட்டு, சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் ரெஹானா தேநீரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். வயதில் இளையவள், திலகவதியை அக்கா என்றுதான் அழைப்பாள்.

"நெடுங்கண் தப்பு பண்ணாதுக்கா. பத்து லட்சத்துல ஒண்ணுதான் தப்பாகும்னு கணக்கு இருக்கு."

"அந்தக் கணக்க எடுத்தது யாரு டாக்டர்?"

"அதுவேதான்."

"நாம கதிரூசியால சுட்ட இடத்துல அப்புறம் என்ன மிஞ்சும்?"

"ஒண்ணும் மிஞ்சாது. சாம்பலாயிரும். அதனாலதான திரும்ப வராதுங்கோம்."

"அப்போ சுட்டது நோய்தானான்னு சோதிக்கவும் ஒண்ணும் மிஞ்சாது. நல்ல சதையச் சுட்டாலும் 'குணமாயிற்று'ன்னுதான எழுதும்? அந்தக் குணத்தையே பாடமா வச்சு அடுத்த ஆளையும் பாக்கும்."

மருத்துவர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பவுடரத்தான் அது கழிச்சிருமே."

"அத வளத்த ஊர்ல பவுடர் இருக்கும். உமி போட்டுச் சுட்ட திருநீறு இருக்குமா? அதுல மணல் மாதிரி நறநறன்னு இருக்கும் டாக்டர், உமியோட சாம்பல். அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு விடியக்காலம் நாந்தான் பூசிவிட்டேன். என் விரல எனக்குத் தெரியாதா?"

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா தீர்ப்ப நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. படம் வாசிக்கப் படிச்சவங்க கையெழுத்து வேணும். இந்த மாவட்டத்துலயே ஒருத்தர் கிடையாது." சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. படத்துக்கு ஆள நிறுத்தினவங்க, தப்பா நிறுத்திட்டதா பிழைச்சீட்டு எழுதினா மறுபடம் எடுக்கலாம். அதுக்கு எந்திரம் ஒத்துக்கும்."

பிழைச்சீட்டு. இருபத்தோராண்டில் திலகவதி அதன் நிறத்தைக்கூட அறிந்ததில்லை. அதை எழுதிய கணத்தில் மதுரையின் கதவு மூடிவிடும். வேண்டாம் வேண்டாம் என்று பத்து நாளாக எந்தக் கடிதத்தை ஒதுக்கிவைத்தாளோ, அது கைவிட்டுப் போகப்போகிறது. அப்போதுதான் தெரிந்தது, அவள் அதை எவ்வளவு விரும்பினாள் என்பது. அந்தக் கருநீல வானத்தை வாசிக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி பெயர் சொல்லத் தெரிய வேண்டும்.

"சீட்டக் குடுங்க" என்றாள்.

சீட்டு மஞ்சளாக இருந்தது. *துடைக்காமல் நிறுத்தினேன். பிழை என்னுடையது* என்று எழுதினாள். எழுதும்போதே அது சத்தியமான வாக்குமூலம் என்று பட்டது. பக்தி என்று அவள் எண்ணிக்கொண்டது ஈரத்துணி பிழியும் சிறு வேலையைக் கைவிட்டதைத் தவிர வேறில்லை. அந்தச் சோம்பலின் விலையை யார் யாரோ உடம்பில் சுமந்திருக்கலாம்.

சிகிச்சை அறையில் கதிரூசியின் வெள்ளைக் கை ஏற்கெனவே தாழ்ந்து காத்திருந்தது. காந்திமதியின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எக்கா, சுட்டா அந்தப் பக்கம் பால் ஊறாதுன்னு நர்சு சொல்லுதாவ. அவுக வீட்ல என்ன சொல்லுவாவன்னே தெரியல."

"இப்போ யாரும் சுடப் போறதில்ல. எந்திச்சு இங்க வா."

பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, துணியை நனைத்துப் பிழிந்தாள். அதைக் கண்டதும் காந்திமதி நெஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"மார்கழி நீறுக்கா. அழிக்கலாமா?"

"பூசுன கைதான் தொடைக்குது. சாமி என்னையக் கேட்டுக்கட்டும், உன்னைய ஒண்ணும் கேக்காது."

மெல்லத் துடைத்தாள். துணியில் சாம்பல் நிறம் ஏறிற்று. அதை மடித்து, கால்படாத இடமாகப் பார்த்து வைத்தாள். காந்திமதியை அந்த அறையிலிருந்த படமெடுக்கும் எந்திரத்தின் முன் நிறுத்தி, தோளைத் திருத்தி, மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னாள்.

ஒரு வினாடி. இரண்டு. மூன்று.

திரை பச்சையாயிற்று. *நோய்க்குறி இல்லை.*

வெள்ளைக் கை மெல்ல மேலெழுந்து சுவரோடு சென்று ஒட்டிக்கொண்டது. நாலு மாதக் கோடைக்குப் பின் மதகு திறந்ததுபோல அழுதாள் காந்திமதி. ரெஹானா இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் நின்றாள். கருநீல வானத்தில் இப்போது ஒரு விண்மீனும் இல்லை.

"நான் எத்தனை பேரச் சுட்டிருக்கேன்க்கா" என்றாள் கடைசியில். பட்டியலைத் திறந்து மார்கழி மாதங்களை மட்டும் பிரித்தாள். நெடுங்கண் வந்ததிலிருந்து நாற்பத்தோரு பெண்கள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "உங்களையும் மார்கழியிலதான்..."

திலகவதி பட்டியலில் தன் பெயரைப் பார்த்தாள். ஏழாண்டுக்கு முன்பு அவளும் கோயிலிலிருந்து நேராக வந்து, நெஞ்சில் நீறோடுதான் நின்றாள். கவசம் இருக்கும்போது பயம் எதற்கு என்று அன்று சிரித்துக்கூடச் சொன்னாள்.

"திறந்து பாக்கவா?" என்றாள் ரெஹானா.

"வேண்டாம். இப்போ பாத்தா, எனக்கு எது வேணுமோ அதுதான் அதுல தெரியும். நாப்பத்தோரு பேருக்கும் எது நீறு எது நோயின்னு பிரிச்சுச் சொல்லணும். அதுக்குப் படிச்ச கண்ணு வேணும். படிச்சுட்டு வந்து பாக்கேன்."

"பிழைச்சீட்டு எழுதிட்டீங்களேக்கா. மதுரையில சேக்க மாட்டாங்களே."

"கேக்க விடுவாங்கல்ல."

வீட்டுக்குப் போய், பூசை மாடத்தின் முன் அமர்ந்து பதில் எழுதினாள். *என் பணியேட்டில் ஒரு பிழைச்சீட்டு உண்டு, இன்றுதான் எழுதினேன். அதன் நகலையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் இணைத்துள்ளேன். விதிப்படி நான் தகுதியற்றவள். ஆயினும் ஓர் இடம் கேட்கிறேன்.* சிதம்பரநாதன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பெட்டியத் திறந்துட்டே" என்றார்.

திருவாதிரையன்று, களிப் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கும் வேளையில் மறுமொழி வந்தது. அதில் இரண்டே வரி. *விதியைத் திருத்திவிட்டோம். தங்கள் இரு படங்களே எங்கள் முதல் பாடம், வருக.*

நான்கு ஆண்டுகள் ஓடின. அவை எளியவையாக இல்லை. முப்பது வயதுக்காரர்கள் ஒருமுறை பார்த்து மனத்தில் வாங்கியதை அவள் பத்துமுறை பார்த்து வாங்கினாள். எலும்பின் பெயர்களைப் பதிகம் போலப் பண் அமைத்துப் பாடிப் பாடமாக்கினாள். விடுதியில் அடுத்த அறைப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் உடன் பாடினார்கள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு ஒன்றில் தோற்று, மறுபடி எழுதி வென்றாள். ஐந்தாம் மார்கழியில், அந்த மாவட்டத்தின் முதல் கையெழுத்தாளராகப் பூங்குளத்துக்கே திரும்பி வந்தாள்.

முதல் வாரம் முழுக்க நாற்பத்தோரு படங்களோடு உட்கார்ந்தாள். நீற்றின் மணிகள் கூர்முனையோடு கோட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். நோயின் மணிகள் கோட்டை மதிப்பதில்லை. முப்பத்து நான்கு நீறு. ஆறு நோய். ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்திட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தானே சென்று சொன்னாள். ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். ஒருத்தி, "எனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று நாலு தடவை கேட்டு, ஐந்தாம் தடவை சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்த முப்பத்து நான்கு படங்களும் நெடுங்கண்ணுக்குப் புதுப்பாடமாயின. மாதம் முடிவதற்குள், அது இயங்கிய எல்லா ஊர்களிலும், படமெடுக்குமுன் திரையில் புதிதாக ஒரு வரி தோன்றியது. *நீறு துடைத்தாயிற்றா?*

"எந்திரத்துக்கே திருநீறு பூசிவிட்டுட்டே" என்றார் சிதம்பரநாதன்.

நாற்பத்தோராவது படத்தை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். ரெஹானா அருகில் நின்றாள். படம் திறந்தது. மேல் கோடு நேர். நடுக்கோடு நேர். மூன்றாவது, முடிவில் பிறையாக வளைந்தது. மருத்துவர் பெருமூச்சு விட்டாள். "நீறுதான்க்கா. உங்களுக்கு ஒண்ணுமே இருந்ததில்ல."

திலகவதி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிறைக்கு இரண்டு விரற்கடை கீழே, எந்தக் கோட்டிலும் சேராமல் ஐந்து சிறு மணிகள், வேர் கிளைத்தாற்போலக் கிடந்தன. நீற்றைக் கண்டு மயங்கிய எந்திரம் நீற்றோடு சேர்த்து இதையும் சுட்டிருந்தது. நான்காண்டு முன்பு திறந்திருந்தால் கோணல் கோடு ஒன்றே கண்ணை நிறைத்திருக்கும். இந்த ஐந்தும் தெரிந்திருக்காது.

"இல்ல டாக்டர்" என்றாள் மெதுவாக. "இருந்திருக்கு. எனக்கு ஆயுசு குடுத்தது நெசந்தான்."

*நோய்* என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

வெளியே ஒரு குழந்தையின் குரல் கேட்டது. காந்திமதி, இடுப்பில் இரண்டு வயது மகளோடு, ஆண்டுப் படத்துக்காக வந்திருந்தாள். திலகவதியே எழுந்து சென்று, வெந்நீரில் துணியைப் பிழிந்து, அவள் நெஞ்சின் நீற்றைத் துடைத்தாள். படமெடுத்தாள். எந்திரம் வாசித்த பிறகு தானும் வாசித்தாள். வானம் தெளிவாக இருந்தது. கையெழுத்திட்டாள்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சிறு நீற்றுச் சம்படத்தை எடுத்து, நீற்றை நாலு துளி நீரில் குழைத்து, கண்ணை மூடி ஒரு கணம் நின்றாள். துடைத்த இடத்திலேயே மூன்று விரலை வைத்து இழுத்தாள். மூன்றாம் கோடு எப்போதும் போல வளைந்தது. குழந்தை கழுத்தை நீட்டிற்று. அதன் நெற்றியிலும் ஒரு கீற்று இட்டாள்.

"நோய் நொடி அண்டாம, நெறஞ்ச ஆயுசோட நல்லா இருங்க தாயீ, ரெண்டு பேரும்."